உருண்டை தேய்த்தவர்கள்

1883ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு காரியங்கள் நடந்தன. பிராக் நகரில் பேராசிரியராக இருந்த எர்ன்ஸ்ட் மாக், இயக்கவியல் வளர்ந்த வரலாற்றைப் பற்றி எழுதிய புத்தகம் லைப்சிக்கில் அச்சாகி வந்தது. ஜெர்மனியின் ஷ்வைன்ஃபர்ட் என்ற ஊரில், ஃபிரீட்ரிஷ் ஃபிஷர் என்பவர் எஃகுக் குண்டுகளை ஒரே அளவில், ஒழுங்கான உருண்டையாகத் தேய்த்தெடுக்கும் இயந்திரத்தைச் செய்துமுடித்தார். மாக் எழுதியதில் பிரபஞ்சத்தைப் பற்றிய கேள்வி ஒன்று இருந்தது. ஃபிஷர் செய்தது சைக்கிள் பேரிங்குக்கு உதவியது. அந்தக் கேள்வியும் அந்தத் தொழிலும் ஒரே மேசையில் சந்திக்க ஏறக்குறைய நூறாண்டு ஆயிற்று.

நான் கண்ணாடி தேய்த்தவன். இளம் வயதில் சென்னையில் ஓர் ஒளியியல் பட்டறையில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை லென்சும் முப்பட்டகமும் தேய்த்தேன். சுழலும் பெரும்பொருள் தன்னைச் சுற்றியுள்ள வெளியையும் காலத்தையும் இழுக்கிறது என்பதைப் புத்தகங்களில் படிக்கும்போது நியூட்டன், மாக், ஐன்ஸ்டைன் என்று பெயர்கள் வரிசையாக வரும். எனக்கு அந்தப் பெயர்கள் மேல் மதிப்பு உண்டு. ஆனால் என் கண் அவற்றுக்கு இடையில் இருக்கும் நீண்ட இடைவெளிகளில்தான் நிற்கிறது. அந்த ஆண்டுகளில் கேள்வி எங்கே இருந்தது? பட்டறை வாசலில் காத்திருந்தது என்பது என் எண்ணம். இது அந்தப் பட்டறைகளின் வரலாறு.

கேள்வி ஒரு வாளியில் தொடங்கியது. 1687இல் வெளியான தம் நூலில் நியூட்டன் ஒரு சோதனையைச் சொன்னார். வாளியில் தண்ணீர் நிரப்பிக் கயிற்றில் தொங்கவிட்டு, கயிற்றை நன்றாக முறுக்கி விட்டுவிட வேண்டும். முதலில் வாளி மட்டும் சுழலும், தண்ணீர் சமமாகவே நிற்கும். சிறிது நேரத்தில் தண்ணீரும் வாளியோடு சேர்ந்து சுழலும். அப்போது நடுவில் குழிந்து ஓரங்களில் ஏறும். வாளியைப் பொறுத்தவரை தண்ணீர் இப்போது அசையவில்லை, ஆனாலும் குழிகிறது. அப்படியென்றால் எதைப் பொறுத்துச் சுழல்கிறது? எதற்கும் கட்டுப்படாத தனி வெளி ஒன்று இருக்கிறது, அதைப் பொறுத்துத்தான் என்றார் நியூட்டன்.

மாக் இதை ஏற்கவில்லை. கண்ணுக்கும் கருவிக்கும் எட்டாத வெளியைச் சாட்சியாக அழைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. தண்ணீர் சுழல்வது தூரத்து விண்மீன்களைப் பொறுத்து. வாளியின் சுவர் கையளவு தடிமனாக இருப்பதால் அதன் பாதிப்பு தெரியவில்லை. அந்தச் சுவரே பல மைல் தடிமனாக இருந்தால் என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது என்று எழுதினார்.

தடிமனான சுவருக்கு எங்கே போவது? பெனடிக்ட், இம்மானுவேல் என்ற ஃப்ரீட்லேண்டர் சகோதரர்கள் ஓர் இரும்பாலைக்குப் போனார்கள். ஹனோவருக்கு அருகே பைனே என்ற ஊரின் ஆலையில், இரும்பை உருட்டித் தகடாக்கும் இயந்திரத்தின் பிரம்மாண்டமான சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் அச்சுக்கு நேரே நுட்பமான முறுக்குத் தராசு ஒன்றைத் தொங்கவிட்டு, சக்கரம் ஓடும்போது ஏதாவது அசைகிறதா என்று பார்த்தார் இம்மானுவேல். தரை அதிர்வும் ஆலையின் மற்றத் தொல்லைகளும் அளவைக் கெடுத்தன. 1896இல் அண்ணன் தம்பி இருவரும் சிறு புத்தகமாக எழுதிவைத்தார்கள்; முடிவு என்று எதையும் சொல்ல முடியவில்லை.

1904இல் மியூனிக்கின் அவுகுஸ்ட் ஃபெப்பல் வேறு வழியில் யோசித்தார். ஆலைச் சக்கரம் எதற்கு? பூமியே பெரிய சக்கரம்தானே? அது இழுக்கிறதா என்று பார்க்க, வேகமாகச் சுழலும் சிறிய சக்கரம் போதும். ஃபூக்கோ 1852இல் பெயர்வைத்துப் புகழாக்கிய கைரோஸ்கோப்பின் தத்துவம் அது: தொல்லை ஏதும் இல்லாமல் சுழலும் சக்கரத்தின் அச்சு, பிடித்த திசையை விடாது. ஃபெப்பல் இரண்டு கனத்த சக்கரங்களை ஒரே அச்சில் மாட்டி, மூன்று கம்பிகளில் தொங்கவிட்டுச் சுற்றினார். நூற்றுக்கு இரண்டு என்ற பிழைக்குள் எந்த இழுப்பும் தெரியவில்லை. அன்றைய பேரிங்கையும் கம்பியையும் வைத்துக்கொண்டு அதற்குமேல் போக வழியில்லை. என்றாலும் வழி திரும்பிவிட்டது. சுற்றும் பொருளைப் பெரிதாக்கும் ஆசை போய், பார்க்கும் கருவியைத் திருத்தமாக்கும் வேலை அன்றே தொடங்கியது என்று சொல்வேன்.

1913 ஜூன் 25ஆம் தேதி ஐன்ஸ்டைன், மாக்குக்கு ஒரு கடிதம் எழுதினார். கனமான ஒரு கூட்டைச் சுழற்றினால், அதனுள் ஆடும் ஃபூக்கோ ஊசலின் தளமும் கூடவே இழுபடும். ஆனால் அளந்து காணமுடியாத அளவுக்கு மெதுவாக இழுபடும் என்பது கடிதத்தில் இருந்த செய்தி. பொதுச் சார்பியல் அப்போது முழுமையாகவில்லை. 1915 நவம்பரில் முழுமையான பிறகு, வியன்னாவில் ஹான்ஸ் திரிங் அந்தக் கூட்டைக் கையில் எடுத்துக் கணக்குப் போட்டார். 1917இல் ஐன்ஸ்டைனோடு அவருக்குக் கடிதப் போக்குவரத்து நடந்தது. 1918இல் கூட்டுக் கணக்கு வெளியானது. அதே ஆண்டில், கணிதவியலாளர் யோசஃப் லென்சோடு சேர்ந்து, சுழலும் கோளைச் சுற்றிவரும் நிலவுகளின் பாதை எவ்வளவு திரும்பும் என்பதையும் எழுதினார்.

ஆட்டுக்கல்லில் குழவி சுற்றும்போது ஒட்டிய மாவு கூடவே வரும், விளிம்பிலிருக்கும் மாவு அவ்வளவாக வராது. பூமியின் சுழற்சியும் அருகிலுள்ள காலவெளியை அப்படித்தான் தன்னோடு இழுக்கிறது. விலக விலக இழுப்பு விரைவாகத் தேய்ந்துபோகிறது. துருவங்களின் மேலாகச் சுற்றிவரும் ஒரு கைரோஸ்கோப்பை 642 கிலோமீட்டர் உயரத்தில் வைத்தால், அதன் அச்சு பூமி சுழலும் பக்கமாக ஆண்டுக்கு 39.2 மில்லிவிகலை திரும்ப வேண்டும். ஒரு பாகையில் 3600 விகலை, ஒரு விகலையில் 1000 மில்லிவிகலை. இந்த வேகத்தில் அச்சு ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவர 3 கோடியே 30 லட்சம் ஆண்டு ஆகும்.

இப்படி ஒரு எண்ணைப் படித்தவுடன் தேய்ப்பவன் மனத்தில் எழும் கேள்வி ஒன்றுதான்: உருண்டை எவ்வளவு உருண்டையாக இருக்க வேண்டும்?

அந்தக் கேள்விக்கான காலம் 1950களில் வந்தது. நீர்மூழ்கிக் கப்பல்கள் வெளியே தலைகாட்டாமல் வழி காண வேண்டியிருந்தது. அதற்காக இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஆர்னால்ட் நார்ட்சிக், பேரிங்கே இல்லாமல் மின்புலத்தால் உருண்டையை அந்தரத்தில் நிறுத்திச் சுழற்றும் கைரோஸ்கோப்பை உருவாக்கினார். உரசும் அச்சு போய்விட்டது, உருண்டை மட்டும் மிஞ்சியது. 1959 நவம்பரில், பெண்டகனில் வேலை பார்த்த ஜார்ஜ் பியூ, செயற்கைக்கோளில் கைரோஸ்கோப்பை வைத்து ஐன்ஸ்டைனைச் சோதிக்கலாம் என்று அலுவலகக் குறிப்பு ஒன்று எழுதினார். அதே சமயத்தில் ஸ்டான்ஃபர்டின் லியனார்ட் ஷிஃப் தாமாகவே அந்தக் கணக்கைப் போட்டார். கடுங்குளிர் இயற்பியலில் தேர்ந்த வில்லியம் ஃபேர்பேங்க், வழிகாட்டுக் கருவிகளில் தேர்ந்த ராபர்ட் கேனன், ஷிஃப் மூவரும் பல்கலைக்கழக நீச்சல்குளத்தில் சந்தித்துப் பேசித் திட்டம் போட்டது இன்று எல்லோரும் சொல்லும் கதை. 1962இல் பிரான்சிஸ் எவரிட் என்ற இளம் ஆங்கிலேயர் வந்து சேர்ந்தார். அதன் பிறகு அவர் வேறு வேலைக்குப் போகவே இல்லை.

இனி உருண்டை. 38 மில்லிமீட்டர் விட்டம், 63 கிராம் எடை. உருக்கிய குவார்ட்ஸ் கட்டியிலிருந்து வெட்டியது. முதல் தேவை, உள்ளே அடர்த்தி எங்கும் ஒன்றாக இருப்பது. பத்து லட்சத்தில் சில பங்குக்கு மேல் வேறுபடக் கூடாது. ஒரு பக்கம் கனத்தால் எடைமையம் தள்ளிப்போய் அச்சு ஆடிவிடும். அடுத்த தேவை வடிவம். எங்கள் தொழிலின் அடிப்படை விதி ஒன்று உண்டு: இரண்டு பரப்புகளை எல்லாத் திசையிலும் மாற்றி மாற்றி உரசினால் அவை கோளத்தை நோக்கியே போகும். எந்தப் பக்கம் நகர்த்தினாலும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்பவை கோளமும் சமதளமும் மட்டுமே. ஆகவே தேய்ப்பவனின் முதல் எதிரி பழக்கம். கை ஒரே தடத்தில் போனால் அங்கே பள்ளம் விழும்.

அலபாமா மாநிலத்தின் ஹண்ட்ஸ்வில்லில், நாசாவின் மார்ஷல் மையத்தில் வேலை செய்த வில்ஹெல்ம் ஏஞ்சலே என்ற பொறியாளர் இந்த விதியை இயந்திரமாக்கினார். நான்கு கிண்ணங்கள், நான்முகியின் நான்கு முனைகளில் நின்று நடுவிலிருக்கும் உருண்டையை ஒரே நேரத்தில் நான்கு பக்கமும் தழுவிக்கொள்ளும். ஒவ்வொன்றும் தன் அச்சில் சுழலும், திசை அடிக்கடி மாறும். உருண்டை எந்தப் பக்கமும் நிலைகொள்ளாமல் புரண்டுகொண்டே இருக்கும். துருவம் என்றும் நடுக்கோடு என்றும் சொல்ல அதில் எந்த இடமும் மிஞ்சாது. இடையிடையே எடுத்துப் பார்த்து, கழுவி, மறுபடி வைக்க வேண்டும்.

அளப்பது அடுத்த பாடு. எங்கள் பட்டறையில் மேஸ்திரி சொல்வார்: “ஆறட்டும் தம்பி, சூட்டோட அளந்தா கண்ணாடி பொய் சொல்லும்.” கையில் பிடித்த சூட்டுக்கே பரப்பு உப்பும், சோதனைக் கண்ணாடியை மேலே வைத்தால் ஒளி வளையங்கள் கோணிக்கொண்டு நிற்கும். காத்திருந்தால் மெல்ல நேராகும். சாதாரண லென்சுக்கே இந்த நிலை. குவார்ட்ஸ் உருண்டையின் வட்டத்தன்மையை டாலிரோண்ட் என்ற கருவியால் அளந்தார்கள். இங்கிலாந்தின் டெய்லர் ஹாப்சன் நிறுவனத்தின் தயாரிப்பு அது. மெல்லிய முள் ஒன்று உருண்டையைத் தொட்டபடி சுற்றி வந்து மேடுபள்ளத்தை வரைந்துகாட்டும். ஒரு கட்டத்தில் உருண்டை, தன்னை அளக்கும் கருவியின் சுழல்தண்டைவிடத் திருத்தமாகிவிட்டது. வரைபடத்தில் தெரியும் மேடு உருண்டையுடையதா, கருவியுடையதா? உருண்டையை வெவ்வேறு கோணத்தில் திருப்பிவைத்து மீண்டும் மீண்டும் அளந்தார்கள். உருண்டையோடு கூடவே நகரும் மேடு உருண்டையுடையது, நகராமல் நின்ற இடத்திலேயே நிற்பது கருவியுடையது. அதைக் கணக்கில் கழித்தார்கள். இறுதியில் கிடைத்த உருண்டையில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே ஏறத்தாழ நாற்பது அணு அடுக்குகள்தான் வித்தியாசம். அதைப் பூமி அளவுக்குப் பெரிதாக்கினால், உயர்ந்த மலையே மூன்று மீட்டர் அளவுக்குத்தான் இருக்கும்.

திருத்தம் முற்றியபோது புதுச் சிக்கல் ஒன்று பிறந்தது. எந்த அடையாளமும் இல்லாத உருண்டை எந்தத் திசையை அச்சாகக் கொண்டு சுழல்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? புள்ளி ஒன்று வைத்தாலே உருண்டை கெட்டுவிடும். விடை கடுங்குளிரில் இருந்தது. உருண்டையின் மேல் ஒன்றேகால் மைக்ரான் தடிமனில் நியோபியம் உலோகம் பூசினார்கள். 1.8 கெல்வின் குளிரில் அது மீக்கடத்தியாகும். சுழலும் மீக்கடத்தி, தன் சுழலச்சோடு மிகச் சரியாக ஒத்துநிற்கும் மெல்லிய காந்தப்புலத்தை உண்டாக்கும் என்று ஃபிரிட்ஸ் லண்டன் முன்பே சொல்லியிருந்தார். அந்தக் காந்தப்புலத்தை ‘ஸ்குவிட்’ என்ற காந்தமானி படித்தது. இதற்கெல்லாம் 2,400 லிட்டருக்கும் மேல் திரவ ஹீலியம் கொள்ளும் குடுவை வேண்டும். எடையற்ற நிலையில் திரவம் வெளியேறாமல் ஆவியை மட்டும் விடும் நுண்துளை அடைப்பான் வேண்டும். பூமியின் காந்தப்புலத்தை மறைக்க ஈயப் பைகள் வேண்டும். ஒவ்வொன்றையும் ஒரு பட்டறை கண்டுபிடித்தது. ஷிஃப் 1971இல் காலமானார், ஃபேர்பேங்க் 1989இல். பணம் பலமுறை நின்று, பலமுறை மீண்டும் கிடைத்தது. எவரிட் ஒவ்வொரு முறையும் வாஷிங்டனுக்குப் போய் வாதாடி மீட்டுவந்தார்.

2004 ஏப்ரல் 20ஆம் தேதி, கலிஃபோர்னியாவின் வாண்டன்பர்க் தளத்திலிருந்து ‘கிராவிட்டி புரோப் பி’ மேலே போனது. உள்ளே நான்கு உருண்டைகள், ஒவ்வொன்றும் தன் கூட்டின் சுவரிலிருந்து 32 மைக்ரான் இடைவெளியில் மிதந்தன. ஹீலியம் வாயுவை ஊதி நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்று அளவுக்குச் சுழலவிட்டு, பிறகு வாயுவை வெளியேற்றினார்கள். ஐஎம் பெகாசி என்ற விண்மீனைத் தொலைநோக்கி குறிபார்த்தது. அந்த விண்மீனும் வானத்தில் நகர்வதால், இர்வின் ஷபிரோவின் குழுவினர் ரேடியோ தொலைநோக்கிகளால் அதன் நகர்வைத் தனியாக அளந்து வைத்தார்கள்.

ஏறத்தாழ ஓராண்டு அளவெடுத்த பிறகு, உருண்டைகள் எதிர்பாராத விதமாக அசைந்திருப்பது தெரிந்தது. வடிவத்தில் குற்றமில்லை. குற்றம் பூச்சின் மின் முகத்தில் இருந்தது. நியோபியத்தின் பரப்பில் இங்கொன்றும் அங்கொன்றுமாக மின்னழுத்தம் சிறிது மாறுபடும் திட்டுகள் இருந்தன. கூட்டின் சுவரிலும் இருந்தன. திட்டும் திட்டும் எதிரெதிரே வரும்போது ஒன்றையொன்று இழுத்து அச்சைத் திருப்பின. இதைப் படித்தபோது என் மனம் கனத்தது. வடிவம் சரியாக வந்த லென்சு பூச்சு அறையிலிருந்து திட்டோடு திரும்பும்போது பட்டறை முழுக்க எப்படி வாயடைத்து நிற்கும் என்பது எனக்குத் தெரியும். நாற்பது ஆண்டு வேலை அப்படி வந்து நின்றால்?

அவர்கள் தரவைத் தூக்கியெறியவில்லை. திட்டுகளின் விசையைக் கணக்கில் கொண்டுவந்து, நான்கு உருண்டைகளின் ஒவ்வொரு ஆட்டத்தையும் பிரித்தெடுக்க ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தார்கள். நாசா நிதியை நிறுத்தியபோது, ஃபேர்பேங்கின் மகன் ரிச்சர்ட் ஃபேர்பேங்க் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். பிறகு சவூதி அரேபியாவின் ஆய்வு நிறுவனம் ஒன்று உதவியது. 2011 மே மாதத்தில் முடிவு வந்தது. பூமியின் எடை காலவெளியை வளைப்பதால் வரும் திருப்பம் ஆண்டுக்கு 6606 மில்லிவிகலை இருக்க வேண்டும் என்பது கோட்பாடு. அளந்தது 6602, பிழை 18. சுழற்சியால் வரும் இழுப்பு 39.2 இருக்க வேண்டும், அளந்தது 37.2, பிழை 7.2. நூற்றில் ஒரு பங்குப் பிழைக்குள் அளப்பதாகச் சொல்லித் தொடங்கியவர்கள், நூற்றில் பத்தொன்பது என்ற பிழையோடு முடித்தார்கள். அதை அப்படியே எழுதிக் கையெழுத்திட்டார்கள். அந்தப் பிழை எண்ணை நான் அளந்த எண்ணுக்குச் சமமாக மதிக்கிறேன். தன் பரப்பில் எவ்வளவு குற்றம் மிச்சம் என்று சொல்லத் தெரிந்தவன் கொடுக்கும் அளவைத்தான் நம்பலாம்.

இதற்கிடையில் வேறொரு வகை உருண்டைகளும் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தன. 1976இல் ஏவப்பட்ட லேஜியோஸ் 60 சென்டிமீட்டர் குறுக்களவும் 400 கிலோ எடையும் கொண்ட உலோகக் கோளம். உள்ளே எந்திரம் ஒன்றும் கிடையாது. மேலே 426 மூலைக் கண்ணாடிகள் பதித்திருக்கும். தரையிலிருந்து லேசர் ஒளியை அனுப்பினால், வந்த வழியே திருப்பியனுப்பும். மூலைக் கண்ணாடி என்பது மூன்று முகங்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சந்திக்கும் முப்பட்டகம். தேய்ப்பவர்களுக்கு 90 பாகையைச் சரியாகக் கொண்டுவருவதே பெரும்பாடு. லேஜியோசில் அதையும் தாண்டி, அந்தக் கோணத்தை வேண்டுமென்றே ஏறத்தாழ 1.25 விகலை தள்ளிவைத்தார்கள். ஒளி போய்வரும் நேரத்தில் கோள் நகர்ந்துவிடுகிறது. சரியான செங்கோணமாக இருந்தால் திரும்பும் ஒளி அனுப்பிய இடத்தைத் தவறவிட்டுவிடும். இந்தத் தள்ளலைத் திட்டமிட்டுத் தேய்த்த கைகளை நினைத்து நான் வியக்கிறேன். 1992இல் இரண்டாம் லேஜியோஸ் போனது. இரண்டின் பாதைகளும் பூமியின் சுழற்சியால் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் நகர்வதை 2004இல் இக்னாசியோ சுஃபோலினியும் எரிக்கோஸ் பாவ்லிசும் காட்டினார்கள்; பிழை நூற்றில் பத்து என்றார்கள். 2012இல் ஒரே டங்ஸ்டன் கலப்புக் கட்டியில் கடைந்தெடுத்த லாரெஸ் என்ற 36 சென்டிமீட்டர் கோளம் போனது, 2022இல் லாரெஸ் 2. குவார்ட்ஸ் உருண்டை ஒரு தொழில், லேசர் கண்ணாடி வேறொரு தொழில். இரண்டும் ஒரே விடையைச் சொல்வதுதான் இந்த வரலாற்றில் எனக்குப் பெரிய நிறைவு.

விண்மீன்கள் பக்கம் போனால் இந்த இழுப்பு பெரிதாகிறது. 1963இல் நியூசிலாந்தின் ராய் கெர், சுழலும் பொருளைச் சுற்றிய காலவெளிக்கு முழுமையான விடை கண்டார். சுழலும் கருந்துளைக்கு அருகே இழுப்பு அவ்வளவு கடுமையானது. ஓர் எல்லைக்குள் எதுவும் அசையாமல் நிற்கவே முடியாது, கூடவே சுற்றியாக வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர், அறுபதைக் கடந்த வயதில் இந்த விடையைக் கையில் எடுத்து, பக்கம் பக்கமாகச் சமன்பாடுகளைப் பிரித்து, 1983இல் கருந்துளைகளின் கணிதத்தைப் பெரிய நூலாகத் தந்தார். 2020இல், ஒரு பல்சரும் வேகமாகச் சுழலும் வெண்குள்ளனும் ஒன்றையொன்று சுற்றும் இரட்டையை இருபதாண்டுக் காலம் அளந்தவர்கள், அங்கும் லென்ஸ் திரிங் கணக்கு செல்லுபடியாவதை வெளியிட்டார்கள். அந்தப் பல்சரைக் கவனித்துவந்தது முதன்மையாக ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி. ஆனால் நம் பூமியின் மெல்லிய இழுப்பை அளக்க, பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நல்ல உருண்டை ஒன்று வேண்டியிருந்தது.

இந்த விளைவுக்குப் பாடநூலில் லென்ஸ், திரிங் இருவரின் பெயர் இருக்கிறது. இருக்கட்டும். கல்லூரியில் இதை நடத்தும் ஆசிரியர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. சமன்பாட்டை எழுதி முடித்த வகுப்பில் வில்ஹெல்ம் ஏஞ்சலேயின் நான்கு கிண்ணங்களையும் படம் போட்டுக் காட்டுங்கள். முடிந்தால் மாணவர்களைக் கண்ணாடிப் பட்டறைக்கு அழைத்துப்போய், ஒரு நாள் தேய்க்கவிடுங்கள். ஒரு பரப்பைத் திருத்தமாக்குவது எவ்வளவு பொறுமை கேட்கும் காரியம் என்று கைக்குத் தெரிந்தவர்கள், 37.2 என்ற எண்ணையும் அதன் பக்கத்தில் நிற்கும் 7.2 என்ற எண்ணையும் படிக்கும் விதமே வேறாக இருக்கும்.